சீனோ டேவிடோஃப்

சீனோ டேவிடோஃப் (மார்ச் 11, 1906 – சனவரி 14, 1994) சுவிட்சர்லாந்து நாட்டின் செனீவா நகரில் வாழ்ந்த சுருட்டு வணிகர் ஆவார். உருசியப் பேரரசில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த இவர், சிறுவயதிலேயே பெற்றோருடன் புலம்பெயர்ந்து செனீவாவுக்கு வந்தார். இன்று டேவிடோஃப் என்னும் பெயரைப் பலரும் வாசனைத் திரவியப் புட்டியிலேயே காண்கின்றனர். ஆனால் சுருட்டைத் தகுந்த ஈரப்பதத்திலும் வெப்பநிலையிலும் காத்து முதிர வைக்கும் முறையை ஐரோப்பிய வாடிக்கையாளரிடையே பரப்பியதே இவருடைய முதன்மையான பணியாகும். நாள்பட வைத்த சுருட்டு சுவையிலும் காரத்திலும் மேம்படுகிறதா என்னும் கேள்வி இவருடைய வாழ்க்கையோடு பிணைந்தது. ஆகவே அக்கேள்விக்கான விடையும் இக்கட்டுரையில் தரப்படுகிறது.

பிறப்பும் குடும்பமும்

சீனோ டேவிடோஃப் 1906 ஆம் ஆண்டு இன்றைய உக்ரைன் நாட்டுக்குட்பட்ட பகுதியில் பிறந்தார். அப்பகுதி அக்காலத்தில் உருசியப் பேரரசின் கீழ் இருந்தது. இவருடைய தந்தை புகையிலை வணிகர். அக்காலத்தில் உருசியப் பேரரசில் யூதர்கள் மீது தொடர்ந்து வன்முறைகள் நிகழ்த்தப்பட்டன. 1903 முதல் 1906 வரையிலான ஆண்டுகளில் இவை மிகக் கடுமையாக இருந்தன. இச்சூழலிலிருந்து தப்பிய டேவிடோஃப் குடும்பம் 1911 ஆம் ஆண்டு செனீவா நகரை அடைந்தது. தந்தை அங்கே சிறிய புகையிலைக் கடை ஒன்றைத் தொடங்கினார்.

செனீவாவில் அந்நாளில் உருசியாவிலிருந்து வெளியேறிய அரசியல் அகதிகள் பலர் வாழ்ந்தனர். அவர்களுக்குத் தம் தாய்மொழி பேசும் கடைக்காரர் ஒருவர் கிடைத்ததால், அக்கடை புகையிலை வாங்கும் இடமாக மட்டுமன்றி உரையாடும் இடமாகவும் விளங்கியது. லெனினும் அக்கடைக்கு வந்ததுண்டு என்று சீனோ பிற்காலத்தில் சொல்லி வந்தார். லெனின் 1914 முதல் 1917 வரை சுவிட்சர்லாந்தில் இருந்தது வரலாறு. எனினும் அக்காலத்தில் அவர் பேர்ன், சூரிக் ஆகிய நகரங்களிலேயே வசித்தார்.

இலத்தீன் அமெரிக்கப் பயணம்

பள்ளிப்படிப்பு முடிந்தபின், 1920களின் நடுப்பகுதியில், சீனோ புகையிலைத் தொழிலைக் கற்பதற்காக இலத்தீன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அர்செந்தீனா, பிரேசில் ஆகிய நாடுகளில் தங்கியபின் கியூபாவை அடைந்தார். கியூபாவின் தோட்டங்களில் இவர் பெற்ற பயிற்சியே பின்னாளைய வணிகத்துக்கு அடிப்படையாயிற்று.

புகையிலை வயலிலிருந்து நேரே சுருட்டாவதில்லை. பறித்த இலை முதலில் காற்றோட்டமான கொட்டகையில் பல வாரங்கள் தொங்கவிடப்பட்டுப் பழுப்பேறுகிறது. பின்னர் ஈரப்படுத்தப்பட்டு, நம் ஊர் வைக்கோல் போரைப் போலப் போராக அடுக்கப்படுகிறது. போரின் நடுவே வெப்பம் தானாகவே உயர்கிறது. வெப்பம் எல்லை மீறினால் இலை கருகிப் பாழாகும். ஆகவே போரைப் பிரித்து, உள்ளிருக்கும் இலையை வெளியேயும் வெளியிருக்கும் இலையை உள்ளேயுமாக மாற்றி மீண்டும் அடுக்குவர். இந்நொதித்தலின்போது அம்மோனியா வளி மிகுதியாக வெளியேறுகிறது. நிக்கோட்டினின் அளவும் ஓரளவு குறைகிறது. அதன்பின் இலை சிப்பங்களாகக் கட்டப்பட்டு, மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் வைக்கப்படுகிறது. தமிழில் புகையிலையைப் பாடம் செய்தல் என்று வழங்குவது இத்தகைய பணிகளையே குறிக்கும்.

இதனால் ஒன்று புலனாகும். சுருட்டின் முதிர்ச்சி கடையிலோ வீட்டிலோ தொடங்குவதன்று. அதன் பெரும்பகுதி, சுருட்டும் தொழிலாளியின் கைக்கு இலை செல்லும் முன்பே நடந்து முடிகிறது. வணிகர் தொடர்வது அதன் கடைசிக் கட்டத்தை மட்டுமே.

செனீவாவின் நிலவறை

1930 ஆம் ஆண்டளவில் செனீவா திரும்பிய சீனோ, தந்தையின் கடையில் சுருட்டுப் பிரிவைக் கவனிக்கலானார். இவர் உடனடியாக எதிர்கொண்ட சிக்கல் தட்பவெப்பம் சார்ந்தது. கியூபாவின் காற்று ஆண்டு முழுவதும் ஈரம் மிக்கது. செனீவாவின் குளிர்காலத்திலோ சூடேற்றப்பட்ட அறைக்குள் காற்று மிகவும் உலர்ந்துவிடும். கப்பலில் வந்த சுருட்டு சில வாரங்களிலேயே காய்ந்து, மேலிலை வெடித்து, மணம் இழந்துவிடும்.

இதற்குத் தீர்வாக, வெப்பநிலையும் ஈரப்பதமும் ஒரே அளவில் பேணப்படும் நிலவறை ஒன்றைக் கடையில் அமைத்தார். வீட்டில் மேசைமீது வைக்கக்கூடிய ஈரப்பதப் பேழையை வாடிக்கையாளரிடையே பரப்பிய பெருமையும் இவருக்கு வழங்கப்படுகிறது. இத்தகைய பேழைகளின் உட்புறம் பெரும்பாலும் செட்ரெலா ஒடொராட்டா என்னும் மரப்பலகையால் ஆனது. இம்மரம் ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளிவிடும் தன்மையுடையது. இதற்கென நறுமணமும் உண்டு.

சுருட்டு வைப்பதற்கு ஏற்ற நிலை, ஏறத்தாழ 65 முதல் 72 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் 16 முதல் 21 பாகை செல்சியசு வெப்பநிலையும் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஈரம் இதனினும் கூடினால் பூஞ்சணம் பிடிக்கும். குறைந்தால் மணம் தரும் எண்ணெய்கள் ஆவியாகும். காய்ந்த சுருட்டுக்கு மெல்ல ஈரத்தை மீட்டுத் தரலாம். ஆனால் இழந்த எண்ணெயை மீட்டுத் தர இயலாது.

முதிர்தலின்போது நிகழ்வது

காரம்

தமிழில் காரம் என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. ஒன்று நாவிலும் தொண்டையிலும் உணரும் உறைப்பு. மற்றொன்று வேதியியலில் அமிலத்துக்கு எதிரான பொருள். சுருட்டில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. நொதித்தலுக்குப் பின்னும் இலையில் எஞ்சியிருக்கும் அம்மோனியா ஒரு காரப்பொருள். புகையில் காரத்தன்மை மிகும்போது நிக்கோட்டின் தனித்த வடிவில் இருக்கும். அவ்வடிவில் அது தொண்டையைச் சுள்ளென்று தாக்கும். வாயின் உட்தோல் வழியாக விரைந்து உடலிலும் ஏறும். புதிதாகச் சுருட்டிய சுருட்டின் கடுமைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சுருட்டை வைத்திருக்கும் காலத்தில் அம்மோனியா மெல்ல வெளியேறுகிறது. புகையின் கடுமையும் தணிகிறது. நிக்கோட்டின் எவ்வகையிலும் கூடுவதில்லை. எனவே நாள்பட்ட சுருட்டு வலுவேறும் என்னும் பரவலான நம்பிக்கை தவறானது. முதிர்தலால் சுருட்டின் காரம் கூடுவதில்லை, தணியவே செய்கிறது.

சுவையும் மணமும்

சுவையைப் பொறுத்தவரை விடை அவ்வளவு எளிதன்று. ஒரு சுருட்டில் நிரப்பு இலை, கட்டு இலை, மேலிலை என மூவகை இலைகள் உள்ளன. அவை வெவ்வேறு வயல்களிலிருந்தும் வெவ்வேறு அறுவடைகளிலிருந்தும் வருபவை. சுருட்டும்போது இலை ஈரமாக இருப்பதால், முடிந்த சுருட்டுகள் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை மர அலமாரிகளில் ஓய்வாக வைக்கப்படுகின்றன. அப்போது அவற்றின் ஈரம் சீராகி, மூவகை இலைகளின் மணங்களும் ஒன்றோடொன்று கலக்கின்றன. இவ்வோய்வுக் காலம் சுருட்டை மேம்படுத்துகிறது என்பதில் தொழில் அறிந்தவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

அதற்குப் பிந்திய நீண்ட முதிர்தலில்தான் கருத்துகள் வேறுபடுகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்லக் கசப்பும் துவர்ப்பும் மட்டுப்பட்டுச் சுவை மென்மையாகிறது. அதே வேளையில் மணம் தரும் எண்ணெய்களும் சிறிது சிறிதாகக் குறைகின்றன. தொடக்கத்திலேயே வலுவும் எண்ணெய்ச் செறிவும் உடைய சுருட்டு ஐந்தாண்டு, பத்தாண்டு கழிந்தும் நன்றாக இருக்கக்கூடும். மென்மையான சுருட்டு அக்காலத்தில் வெறும் புகையாக வெளிறிவிடும். கியூபாவில் புதிய சுருட்டையே விரும்பிப் புகைப்போர் பலர். பிரித்தானிய வணிகர்களோ வாடிக்கையாளருக்காகச் சுருட்டுகளை ஆண்டுக்கணக்கில் தம் அறைகளில் வைத்து முதிர வைக்கும் வழக்கத்தைக் கொண்டிருந்தனர்.

உத்திரமேரூர் போன்ற நெல் விளையும் ஊர்களில் வாழ்வோருக்கு இதை விளக்க அரிசியே போதுமானது. புது அரிசி குழைந்துவிடும். சில மாதங்கள் வைத்துப் பழகிய அரிசி உதிரியாக வேகும். எனவே பழைய அரிசிக்கு விலை கூடுதல். ஆனால் பதரைப் பத்தாண்டு வைத்தாலும் அது அரிசியாகாது. நல்ல அரிசியும் அளவின்றி வைத்தால் வண்டுக்கு இரையாகும். சுருட்டும் இத்தகையதே.

சாட்டோ வரிசை

இரண்டாம் உலகப்போரில் சுவிட்சர்லாந்து நடுநிலை வகித்தது. போர் முடிந்தபின், 1940களின் பிற்பகுதியில், கியூபாவின் ஓயோ தெ மொந்தெர்ரே நிறுவனத்தின் சுருட்டுகளைச் சாட்டோ என்னும் புதிய வரிசையாகச் சீனோ அறிமுகப்படுத்தினார். இலத்தூர், இலாபிட், மார்கோ எனப் பிரான்சின் போர்தோ பகுதியைச் சேர்ந்த புகழ்பெற்ற திராட்சைத் தோட்டங்களின் பெயர்கள் அச்சுருட்டுகளுக்குச் சூட்டப்பட்டன.

இது வெறும் விளம்பர உத்தியன்று. திராட்சை மதுவை நிலவறையில் முதிர வைத்துப் பருகும் வழக்கமுடைய வாடிக்கையாளருக்கு, சுருட்டும் விளைநிலத்தையும் ஆண்டையும் பாதுகாப்பையும் பொறுத்து வேறுபடும் பொருளே என்பதை இப்பெயர்கள் எளிதில் உணர்த்தின. எனினும் இவ்வொப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. மது அடைக்கப்பட்ட புட்டிக்குள் முதிர்வது. சுருட்டோ காற்றோடு ஈரத்தைக் கொண்டும் கொடுத்தும் முதிர்வது. ஒருநாள் கவனம் தவறினாலும் அது மதுவைவிட விரைவில் கெடும்.

1967 ஆம் ஆண்டு, சுருட்டைத் தேர்ந்தெடுத்தல், பாதுகாத்தல், புகைத்தல் ஆகியன பற்றிச் சீனோ எழுதிய நூல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. பின்னர் அது ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டது. செனீவாக் கடைக்கு வெளியே இவருடைய பெயர் பரவ இந்நூல் பெரிதும் உதவியது.

கியூபாவுடன் கூட்டு

1959 ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. 1962 இல் ஐக்கிய அமெரிக்கா முழு வணிகத் தடை விதித்ததால் கியூபா தன் மிகப்பெரிய சந்தையை இழந்தது. ஐரோப்பியச் சந்தையின் தேவை இதனால் பன்மடங்கு கூடியது. இந்நிலையில் கியூபாவின் அரசு நிறுவனமான கியூபதபாக்கோ, டேவிடோஃப் பெயரிலேயே சுருட்டுகளைத் தயாரிக்க உடன்பட்டது. 1960களின் இறுதியில் அவை விற்பனைக்கு வந்தன. அவானாவில் உள்ள எல் இலாகிட்டோ தொழிற்சாலையில் அவை உருவாக்கப்பட்டன. கொய்பா சுருட்டுகளும் அங்கேயே செய்யப்பட்டன.

1970 ஆம் ஆண்டு சீனோ தம் நிறுவனத்தைப் பாசல் நகரின் மாக்சு ஊட்டிங்கர் நிறுவனத்துக்கு விற்றார். அந்நிறுவனத்தின் தலைவரான எர்ன்சுட்டு சினைடர் செனீவாக் கடையை உலகளாவிய வணிகமாக வளர்த்தார். உரிமையாளர் மாறியபோதும் நிறுவனத்தின் முகமாகச் சீனோவே விளங்கினார். நாடு நாடாகச் சென்று கடைத் திறப்பு விழாக்களில் கலந்துகொண்டார். 1980களில் டேவிடோஃப் பெயரில் வாசனைத் திரவியங்கள், கொன்யாக் மது முதலியனவும் வெளிவந்தன. அவற்றுள் 1988 இல் வெளியான கூல் வாட்டர் புகழ்பெற்றது.

1989 எரிப்பும் பிரிவும்

1980களில் கியூபதபாக்கோவுக்கும் டேவிடோஃப் நிறுவனத்துக்கும் இடையே சுருட்டின் தரம் குறித்தும் வணிகப் பெயரின் உரிமை குறித்தும் பிணக்கு முற்றியது. 1989 ஆகத்து மாதத்தில், தரம் குறைந்தவை எனக் கருதப்பட்ட ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கியூபச் சுருட்டுகள் டேவிடோஃப் தரப்பினரால் எரிக்கப்பட்டன. அவற்றின் பண மதிப்பைவிட, கியூபா உலகிலேயே மிகச் சிறந்த சுருட்டு நாடு என்னும் பெயருக்கு விடப்பட்ட அறைகூவல் என்றே இந்நிகழ்வு பேசப்பட்டது.

முதிர்தல் பற்றிய கேள்விக்கும் இந்நிகழ்வு ஒரு விடை தருகிறது. உலகின் தேர்ந்த நிலவறைகளை வைத்திருந்த நிறுவனம் அது. நாள்பட வைத்தால் குறை தீரும் என்றிருந்தால், அச்சுருட்டுகளை அடுக்கி வைத்துக் காத்திருந்திருக்கலாம். ஆனால் சரியாக நொதிக்காத இலை, இறுக்கமாகச் சுருட்டியதால் புகை வராத சுருட்டு ஆகியவற்றின் குறைகளைக் காலம் நீக்குவதில்லை. முதிர்தல் நல்லதை மெருகேற்றுமேயன்றிக் கெட்டதைத் திருத்தாது.

1990களின் தொடக்கத்தில் கியூபாவுடனான உறவு முற்றிலும் முடிவுக்கு வந்தது. டேவிடோஃப் சுருட்டுகள் தொமினிக்கன் குடியரசில் என்றிக் கெல்னர் என்பவரின் மேற்பார்வையில் தயாரிக்கப்பட்டன. இவை கியூபச் சுருட்டுகளைவிட மென்மையானவை. கியூபாவில் செய்யப்பட்ட பழைய டேவிடோஃப் சுருட்டுகள் இன்று ஏலங்களில் மிக உயர்ந்த விலைக்குப் போகின்றன. அவ்விலைக்கு முதிர்ச்சி மட்டுமன்றி அருமையும் காரணம் என்பதை மறத்தலாகாது.

தமிழ்நாட்டுச் சுருட்டுகளுடன் ஒப்பீடு

தமிழ்நாட்டிலும் உலகப்புகழ் பெற்ற சுருட்டு மரபு உண்டு. திண்டுக்கல் வட்டாரத்தில் விளைந்த புகையிலையைக் கொண்டு செய்யப்பட்ட திருச்சிராப்பள்ளிச் சுருட்டுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியா வரை சென்றன. ஆர்தர் கொனன் டொயில் எழுதி 1887 இல் வெளிவந்த முதல் செர்லாக் ஓம்சு புதினத்தில், குற்றவாளியைக் கண்டறியும் தடயங்களுள் ஒன்றாகத் திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் இடம்பெறுகிறது. சென்னையின் இசுபென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. வின்சுட்டன் சர்ச்சில் இச்சுருட்டுகளை விரும்பினார் என்று திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் இன்றும் பெருமையோடு கூறப்படுகிறது. திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூரில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் அமைக்கப்பட்டது.

திருச்சிராப்பள்ளிச் சுருட்டு இருபுறமும் வெட்டப்பட்டது, அன்றாடப் பயன்பாட்டுக்கானது. உறையூர் போன்ற இடங்களில் இலையைப் பாடம் செய்வதிலேயே திறமை முழுவதும் செலவிடப்பட்டது. முடிந்த சுருட்டை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது இங்கே பெருவழக்காகவில்லை.

தட்பவெப்பத்திலும் வேறுபாடு உண்டு. செனீவாவில் சிக்கல் வறட்சி. தமிழ்நாட்டில் சிக்கல் வெப்பம். காஞ்சிபுரம் மாவட்டத்தின் உட்பகுதிகளில் கோடை வெயில் 38 பாகை செல்சியசைத் தாண்டுவது இயல்பு. வெப்பநிலை ஏறத்தாழ 24 பாகைக்கு மேல் தொடர்ந்து நீடித்தால், இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரித்து, புழுக்கள் சுருட்டைத் துளைத்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலோ ஈரம் மிகுந்து பூஞ்சணம் படரும். டேவிடோஃப் முறை இங்கே பலிக்க வேண்டுமெனில் ஈரமூட்டுவதைவிடக் குளிர்விப்பதே முதல் தேவையாகும். பேழையிலுள்ள ஈரமானியைச் சரிபார்க்க எளிய வழியும் உண்டு. மூடிய கலத்தில் உப்பையும் சிறிது நீரையும் கூழாகக் குழைத்து வைத்தால், உள்ளிருக்கும் காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிலைபெறும்.

இறப்பும் மரபும்

சீனோ டேவிடோஃப் 1994 சனவரி 14 அன்று செனீவாவில் தம் 87 ஆம் வயதில் காலமானார். சுருட்டு வணிகம் ஊட்டிங்கர் குழுமத்திடமே தொடர்ந்தது. சிகரெட்டுகளுக்கான வணிகப் பெயர் 2006 இல் பிரித்தானியாவின் இம்பீரியல் புகையிலை நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இதனால் ஒரே பெயரில் வெவ்வேறு நிறுவனங்களின் பொருட்கள் சந்தையில் உள்ளன.

இவர் நீண்ட வாழ்நாள் வாழ்ந்ததைக் கொண்டு சுருட்டு தீங்கற்றது என முடிவு செய்தல் பிழையாகும். சுருட்டுப் புகையை உள்ளிழுக்காவிடினும் வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு கூடுகிறது. முதிர வைத்த சுருட்டு தொண்டைக்கு இதமாக இருப்பது அதன் நச்சு குறைந்ததற்கு அடையாளமன்று. கடுமை தணிந்ததால் ஒருவர் கூடுதலாகப் புகைக்கவும் நேரலாம்.

அகதியாக வந்த ஒரு குடும்பத்தின் சிறு கடையை உலகறிந்த பெயராக்கியவர் என்ற வகையில் சீனோ டேவிடோஃப் வணிக வரலாற்றில் இடம்பெறுகிறார். நல்ல இலையும் நல்ல கைத்திறனும் அமைந்த பின்னரே காலம் தன் வேலையைச் செய்யும் என்பதற்கு இவருடைய நிலவறையும், இவர் காலத்தில் எரிக்கப்பட்ட சுருட்டுகளும் ஒருசேரச் சான்றாகின்றன.